ஆன்லைன் கிளாஸில் அருள் வந்தபோது

போன தைப்பூசத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இது நடந்தது. இடம், ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடி அறை. கீழே நாசி கண்டார் சோற்றுக் கடை, மேலே என் கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாகக் கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு, ஒரு உருமி, எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை, நடுவில் நான். கீழேயிருந்து ஏறிவரும் கறிக்குழம்பு வாசனையை மட்டும் எந்த அட்டையாலும் தடுக்க முடியவில்லை.

நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ். பட்டம் வாங்கி, பாயான் லெப்பாஸில் ஒரு சிப் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே நாற்காலியில் உட்கார முடியாமல் வெளியே வந்தவன். எனக்கு உடம்பில் ஏதோ கோளாறு என்று அம்மா நம்புகிறார். சாப்பிடும்போதுகூட நின்றுகொண்டேதான் சாப்பிடுவேன். சிக்னலில் பச்சை விழுவதற்குள் என் கால் மோட்டார் சைக்கிளில் தாளம் போட ஆரம்பித்துவிடும். காலேஜில் உருமி மேளக் குழுவில் வாசித்தபோதும் இதே கதைதான். நான் உருமியை எடுத்தால் மொத்தக் குழுவும் என் பின்னால் ஓடி வரவேண்டும். "பஸ்ஸா பிடிக்கப் போற? மெதுவா அடிலா!" என்று கத்துவார்கள்.

வேலையை விட்டதும் கீபோர்டு பாடங்களை வீடியோவாக எடுத்துப் போட்டேன். பார்த்தார்கள். நேரலை வகுப்பு ஆரம்பித்தேன். கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்று ஆட்கள் சேர்ந்தார்கள். அப்புறம்தான் உருமி ஆசை வந்தது. ஆனால் சாதாரண வீடியோ கால் மென்பொருளுக்கு உருமியைக் கண்டாலே ஆகாது. மனிதக் குரல் தவிர மற்றதெல்லாம் அதற்கு இரைச்சல். உருமியின் ஒரு பக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தி இழுக்கும்போது ஓர் உறுமல் வருமே, அடிவயிற்றைப் பிடித்து இழுக்கிற மாதிரி, அதை ஃபேன் சத்தம் என்று நினைத்து அந்த மென்பொருள் அழித்துவிடும். மிச்சம் கேட்பது டப்பா தட்டுகிற சத்தம்தான்.

அதற்காகவே நானே ஒரு ஆப் எழுதினேன். மாதக்கணக்கில் தூக்கம் கெட்டது. உறுமல் ஒரு துளிகூடக் குறையாமல் அப்படியே போய்ச் சேரவேண்டும், அதுதான் என் வெறி. தண்ணீர்மலைக் கோயில் ரோட்டில் காவடிக்கு வாசித்த ஒரு குழுவிடம் அனுமதி கேட்டுப் பதிவு செய்த அடியைப் பாடமாக வைத்தேன். 'வீட்டிலிருந்தே, தனியாகவே, யாருக்கும் தெரியாமல் கற்றுக்கொள்ளுங்கள்' என்று விளம்பரம் போட்டேன். நிறையப் பேருக்கு அந்த 'யாருக்கும் தெரியாமல்' பிடித்திருந்தது.

அதுவரை பழைய மென்பொருளில் ஒப்பேற்றிய உருமி வகுப்புக்கு, அந்தச் சனிக்கிழமைதான் புதிய ஆப்பில் முதல் நாள். "எல்லாரும் போனைத் தூர வைங்க, பெரிய ஸ்பீக்கர்ல போடுங்க. இன்னிக்குப் பாருங்க சத்தத்த!" என்று பீற்றிக்கொண்டேன்.

திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். அதில் இரண்டு பேரை மட்டும், அவரவர் ஊர்ப் பெயராலேயே, சொன்னால் போதும். ஒருவர் பட்டர்வொர்த் அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை 'மாஸ்டர்' என்று கூப்பிட்டுக் கலாய்ப்பார். இன்னொருவர் ஆயர் ஈத்தாம் அக்கா. முப்பது வயது இருக்கும். ஆபீஸ் வேலை. பதினோராம் மாடி ஃபிளாட்டில் தம்பியோடு இருப்பவர். அந்தத் தம்பி ஓர் உருமிக் குழுவில் இருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் அவர் பயிற்சிக்குப் போன பிறகு அக்கா கேமராவை ஆன் செய்வார். கையில் பழைய உருமி ஒன்று, பின்னால் சோபா, அதற்குப் பின்னால் திறந்து கிடக்கும் பால்கனிக் கதவு. காற்று வர வேண்டுமே.

நேரலை வகுப்பில் ஒரு சிக்கல் உண்டு. நான் அடிக்கிற அடி அவர்களிடம் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். அவர்கள் அடிப்பது என்னிடம் வர இன்னும் தாமதமாகும். எல்லார் சத்தமும் ஒன்றாகக் கேட்டால் கஞ்சிதான். அதனால் வாசிக்கும்போது எல்லார் மைக்கையும் அடைத்துவிடுவேன். என் பக்கத்து அடி மட்டும் அவர்களுக்குப் போகும். அவர்கள் கையை மட்டும் நான் பார்ப்பேன்.

காவடி அடியை ஓட விட்டேன். முதலில் நிதானம், பிறகு வேகம். சும்மா சொல்லக்கூடாது, என் அறையிலேயே ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வேகத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன்.

ஆயர் ஈத்தாம் அக்காவின் கை நின்றது. குச்சி கீழே விழுந்தது. தோள் ஆடியது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்தது. நானோ பயங்கரக் குஷியில் மைக்கைத் திறந்து, "அக்கா செம்ம ஃபீல்லா! அப்படித்தான்!" என்றேன்.

பட்டர்வொர்த் அண்ணன் தன் மைக்கைத் திறந்துவிட்டார். "ஃபீல் இல்ல மாஸ்டர்! நல்லா பாரு! அக்காவுக்கு அருள் வந்துருச்சு!"

அக்கா எழுந்து நின்றிருந்தார். உருமி தரையில் உருண்டது. கண் பாதி மூடியிருக்க, பாதம் தரையில் அடி தவறாமல் விழுந்துகொண்டிருந்தது. அவர் எந்தப் பக்கம் ஆடுகிறார் என்று அவருக்குத் தெரியவே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் சோபாவைத் தாண்டி, திறந்திருந்த கதவுப் பக்கம் ஓர் அடி நகர்ந்தார்.

எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். சத்தத்தை நிறுத்து. பட்டனை அமுக்கினேன்.

அதுதான் தப்பாகிப்போனது. அடி திடீரென்று அறுந்ததும் அக்காவிடமிருந்து ஒரு வீறல் வந்தது. மைக் அடைத்திருந்ததால் எனக்கு அது கேட்கவில்லை, வாய் மட்டும்தான் தெரிந்தது. உடம்பு விறைத்துப் பின்னால் தள்ளாடினார். பால்கனிக் கதவைத் தாண்டிவிட்டார். இடுப்பு கம்பியில் போய் இடித்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் வெறும் வானம்.

"டேய், ஏன்டா நிறுத்துன!" அண்ணனுக்கு மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. "பாதியில அறுக்கக் கூடாதுடா! அடி! அடிடா!"

ஆப்பை மறுபடி ஓடவிட்டால் முதலிலிருந்து தொடங்கும், நடுவே ஒரு இடைவெளி விழும். யோசிக்க நேரமில்லை. பக்கத்திலிருந்த என் உருமியை இழுத்துக் கையாலேயே அடிக்க ஆரம்பித்தேன். அதே வேகம், அதே அடி. என் அடி அங்கே போய்ச் சேரும் வரைக்கும் இருந்த அந்தச் சின்னத் தாமதம் இருக்கிறதே, இத்தனை வருஷம் அதை நான் எண்களில்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அது எவ்வளவு நீளம் என்று தெரிந்தது.

அக்காவின் பாதம் மறுபடி அடியைப் பிடித்தது. கம்பியிலிருந்து உடம்பு விலகியது. ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. அவர் நின்றது இன்னும் பால்கனியில்தான். நான் வேகமாக அடித்தால் அவர் சுழல்வார், நிறுத்தினால் விழுவார். "யாருக்காவது அக்கா வீடு தெரியுமா?" என்று கத்தினேன். யாருக்கும் தெரியவில்லை. ஒரு மாணவி அழ ஆரம்பித்தாள். இன்னொருவர் அக்கா நம்பருக்கு அடித்துப் பார்த்தார். அக்கா மேசையில் போன் வெளிச்சம் காட்டியது, அவ்வளவுதான். அக்காவின் தம்பி நம்பர் என்னிடம் இல்லை. யாருக்கும் தெரியாமல் கற்றுக்கொள்ளலாம் என்று விளம்பரம் போட்டவனிடம் எப்படி இருக்கும்?

என் கால் ரெண்டும் எழுந்து ஓடத் துடித்தது. மோட்டாரை எடுத்தால் ஆயர் ஈத்தாம் எவ்வளவு தூரம்? சனிக்கிழமை ஜாமிலும் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடலாம், ஆனால் நான் எழுந்தால் அடி நிற்கும். வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தே ஆகவேண்டும்.

அக்காவின் மைக்கைத் திறந்துவிட்டேன். என் உருமிச் சத்தமே அவர் வீட்டிலிருந்து திரும்பி வந்து என் காதில் மோதியது. அதற்கு நடுவே, கம்பிக் கதவைத் தட்டும் சத்தம். பிறகு ஒரு கிழட்டுக் குரல், கோபமாக, மலாயில்.

"பிசிங்லா! பிசிங்! டிவி கேக்க முடியல!"

பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி. சத்தம் தாங்காமல் சண்டை போட வந்திருக்கிறார். மரக்கதவு திறந்திருந்தது, இரும்புக் கம்பிக் கதவுக்குப் பூட்டு போடவில்லை. அவர் கம்பி வழியாக எட்டிப் பார்த்ததை நான் பார்க்கவில்லை. அவருடைய திட்டு பாதியில் நின்றதைத்தான் கேட்டேன். தாழ்ப்பாள் இழுபடும் சத்தம். அடுத்த நொடி, பூப்போட்ட சட்டையும் முக்கால் பேண்ட்டுமாக ஒரு குட்டை உருவம் திரையைக் குறுக்கே கடந்து போனது.

கத்துவார், அக்காவைப் பிடித்து உலுக்குவார், போலீஸைக் கூப்பிடுவார் என்றுதான் நினைத்தேன். ஒன்றும் இல்லை. நேராகப் பால்கனிக்குப் போனார். அக்காவுக்கும் கம்பிக்கும் நடுவே தன் உடம்பை நுழைத்து நின்றார். ஆடுகிற ஆளைப் பிடித்து நிறுத்தவில்லை. இரண்டு கைகளையும் அக்காவின் இடுப்பைச் சுற்றி வளையம் மாதிரி தொளதொளவென்று வைத்துக்கொண்டு, கூடவே ஆடி ஆடி, அப்படியே உள்ளே நடத்திக் கொண்டுவந்தார். காலாலேயே கதவைத் தள்ளி மூடினார்.

அப்பாடா என்று என் கை தானாக நின்றுவிடப் பார்த்தது. ஆன்ட்டி என் அடி தடுமாறியதைக் கேட்டுவிட்டார். லேப்டாப்பை நோக்கி ஒரு கையை நீட்டி, "ஜாங்ஙான் ஸ்டாப்! நிப்பாட்டாதே, பையா!" என்றார். அப்புறம் உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, நாய்க்குட்டி தலையைத் தடவுகிற மாதிரி மெல்ல மெல்ல இறக்கினார். "பெலான், பெலான். மெதுவா. மெதுவா."

வேகத்தைக் குறைத்தேன். எப்படி? எனக்குத் தெரிந்த மாதிரி, ஒரே இறக்கு. அக்காவின் உடம்பு வெட்டி இழுத்தது. ஆன்ட்டி முகத்தைச் சுளித்தார். "அலாமாக்! பிரேக் போடறியா? பெலான்லா!"

அவர் கையைப் பார்த்து அடிக்கப் பார்த்தேன். அதுவும் சரிப்படவில்லை. அவர் கை இறங்குவது எனக்குத் தாமதமாகத் தெரிகிறது, நான் இறக்குவது அங்கே தாமதமாகக் கேட்கிறது, அதற்குள் அவர் இன்னொன்று காட்டுகிறார். ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டிருந்தோம். கடைசியில் நான் ஆன்ட்டியைப் பார்ப்பதை விட்டேன். அக்காவின் பாதத்தை மட்டும் பார்த்தேன். அது தரையில் விழும் இடைவெளியை, ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை நீட்டினேன். நீட்டிவிட்டுக் காத்திருந்தேன். உள்ளே எல்லா நரம்பும் 'சீக்கிரம், சீக்கிரம்' என்று கத்துகிறது. வியர்வை கண்ணில் இறங்குகிறது. துடைக்கக் கை இல்லை. கீழ்க்கடை மாமா மாடிப்படியில் ஏறி வந்து எட்டிப் பார்த்து, "என்னா தம்பி, கல்யாணமா?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

பாதம் சோர்ந்தது. தலை ஆன்ட்டியின் தோளில் சாய்ந்தது. அப்போது பட்டர்வொர்த் அண்ணன், மலாயில், "ஆன்ட்டி! அபு! சாமி மேடையில அபு இருக்கும்!" என்றார். திருநீற்றைச் சாம்பல் என்றுதான் மலாயில் சொல்ல முடிந்தது அவருக்கு. ஆன்ட்டி, "தாவ்லா, தெரியும், எனக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தார். அக்காவை ஒரு கையால் அணைத்தபடியே மேடைக்கு நகர்ந்து, ஒரு சிட்டிகை எடுத்து, அக்காவின் நெற்றியில் பூசி, உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தார். கடைசியாக ஒரு முறை குச்சியை அழுத்தி இழுத்தேன். அந்த உறுமல் தானாக அடங்கும்வரை கையை எடுக்கவில்லை.

அக்கா தரையில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, முடியை ஒதுக்கிக்கொண்டு, திரையில் எங்கள் மூஞ்சிகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என்னா தம்பி, எல்லாரும் இப்படிப் பாக்குறீங்க? கிளாஸ் முடிஞ்சிருச்சா?"

பட்டர்வொர்த் அண்ணன் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நான் சிரிக்கவில்லை. குச்சியைக் கீழே வைத்தேன்.

விலாசம் வாங்கிக்கொண்டு மோட்டாரை எடுத்தேன். போகிற வழியெல்லாம் ஒரே எண்ணம்தான். தண்ணீர்மலை ரோட்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அருள் வந்து ஆடுகிறவரைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். ஒருவர் இடுப்பில் கை, ஒருவர் கையில் எலுமிச்சம்பழம், ஒருவர் மேளக்காரனுக்குக் கண் காட்டிக்கொண்டு. அவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்கிற கூட்டம் என்றே நினைத்திருந்தேன். உறுமலை அப்படியே பிடித்து ஆயர் ஈத்தாம் வரைக்கும் அனுப்பிவிட்டேன். அந்த நாலு பேரை அனுப்ப மறந்துவிட்டேன்.

பதினோராம் மாடியில் கதவைத் திறந்தது ஆன்ட்டிதான். என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "நீதான் டீச்சரா? சின்னப் பையன்!" என்று மலாயில் சொன்னார். மைலோ கலக்கி வைத்திருந்தார்கள். அக்கா சோபாவில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் வலி, மற்றபடி ஒன்றும் ஞாபகம் இல்லை என்றார். வீட்டுக்குள் இதற்கு முன் ஒரு தடவைகூட அருள் வந்ததில்லையாம்.

"ஆன்ட்டி, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"என் புருஷன் இருந்தப்ப எங்க கோயில்ல அவருக்கு சாமி வரும். அவரை யார் பிடிச்சது? நான்தான் பிடிச்சேன்," என்றார், என்னவோ பஸ் பாதை சொல்கிற மாதிரி. "உன் சாமி, என் சாமி, வந்தா ஒரே மாதிரிதான். கதவை மூடணும், கூட ஆடணும், மேளம் பெலான்."

நான் அக்காவிடம் சொல்லிவிட்டேன். இந்த உருமி வகுப்பே வேண்டாம், ஆப்பிலிருந்து தூக்கிவிடுகிறேன், கீபோர்டோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று. உண்மையாகவே அந்த முடிவோடுதான் படியேறியிருந்தேன்.

அக்காவின் முகம் மாறிவிட்டது. அருள் வந்தபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை.

"தம்பி, என் தம்பி குரூப்ல கேட்டேன். சிரிச்சாங்க. 'நீ தட்டு தூக்கிட்டு வாக்கா, போதும்'னாங்க. தெரிஞ்ச மாஸ்டர் ஒருத்தர்கிட்ட கேட்டேன். பொம்பளைக்கு எதுக்குன்னாரு. நீ ஒருத்தன்தான் எதுவும் கேக்காம சேர்த்துக்கிட்ட. இப்ப நீயும் தூக்கிட்டா நான் எங்க போறது?"

வாய் ஓயாமல் பேசுகிறவன் மைலோவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆமாம், நின்றுதான். அந்த வீட்டிலும் உட்கார வரவில்லை.

தமிழ் புரியாத ஆன்ட்டி எங்கள் ரெண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னா? அவளுக்குக் கிளாஸ் இல்லயா?" என்று மலாயில் கேட்டார். அக்கா விஷயத்தைச் சொன்னார். ஆன்ட்டி பால்கனிக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"சனிக்கிழமைதானே? நான் வர்றேன். இங்க உக்காந்துக்கிறேன். ஆனா சத்தத்தைக் குறை. என் டிவி முக்கியம்."

வந்தார். அடுத்த சனிக்கிழமையும், அதற்கடுத்த சனிக்கிழமையும். அக்காவின் கட்டத்தில், சோபாவில் சம்மணம் போட்டு, பூசணி விதை கொறித்துக்கொண்டு ஒரு குட்டை உருவம். பால்கனிக் கதவு மூடியிருக்கும். நான் வேகம் எடுத்தால் விதையைக் கடிப்பதை நிறுத்திவிட்டு, திரையை முறைத்து, உள்ளங்கையை இறக்குவார். மொத்த வகுப்பும் சிரிக்கும். நான் குறைப்பேன்.

விளம்பரத்தை மாற்றினேன். உருமிக்குத் தனியாள் சேர்க்கை கிடையாது. கூட ஒருவர் கேமராவில் தெரிய வேண்டும், மனைவியோ, நண்பரோ, பக்கத்து வீட்டுக்காரரோ. சிலர் கோபித்துக்கொண்டு விலகினார்கள். 'மியூசிக் கத்துக்க எனக்கு எதுக்கு பாடிகார்ட்?' என்று ஒருவர் எழுதினார். போகட்டும். அக்காவின் தம்பிக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. முதலில் கத்தினாராம். அப்புறம் ஒரு சனிக்கிழமை பயிற்சிக்குப் போகாமல், ஆன்ட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அக்காவின் கையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குழுவில் சேர்த்துக்கொள்வாரா என்று இன்னும் தெரியவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது என்கிறார் அக்கா.

அன்றைக்கு வந்தது என்ன என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. எலெக்ட்ரானிக்ஸ் படித்த மூளை ஒன்று சொல்கிறது, தண்ணீர்மலைப் படியில் ஏறிய கால் வேறொன்று சொல்கிறது, ரெண்டையும் நான் சண்டை போட விடுவதில்லை. ஒன்று மட்டும் நிச்சயமாக மாறியிருக்கிறது: முன்பெல்லாம் ஒரு மாணவர் கேமராவை ஆன் செய்தால் என் கண் முதலில் அவர் கைக்குத்தான் போகும், இப்போது அவருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தேடுகிறது, யாரும் தெரியாதவரைக்கும் என் கை குச்சியை எடுக்க மறுக்கிறது.